10.10 என்றால் எவ்வளவு? செயலி தொடங்கும் கட்டடக் கலைஞர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டடக்கலை படித்து, சில ஆண்டுகள் குடியிருப்புப் பகுதிகளில் மக்களோடு வேலை பார்த்துவிட்டு, பிறகு ‘ஸ்டார்ட்அப்’ தொடங்குகிறவர்களைப் பற்றிய செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. எவ்வளவு முதலீடு வந்தது, என்ன விருது கிடைத்தது என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த வழியில் இறங்க நினைக்கும் இன்னொருவருக்குத் தேவையான விவரம் அதில் ஒன்றும் இருப்பதில்லை. கட்டடக்கலை, கணக்கு, மென்பொருள் என்று மூன்று பக்கத்திலிருந்து இந்த வேலையைப் பார்க்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டாலும் எங்களுக்குச் சம்மதம்.

பொதுவாகச் சொன்னால் யாருக்கும் பயன்படாது. அதனால் ஒரே ஒரு வகையை எடுத்துக்கொள்கிறோம். சிறு நகரத்தில் மூன்று, நான்கு சென்ட் மனையில் சொந்தமாக வீடு கட்டுகிறவருக்கும் மேஸ்திரிக்கும் இடையே அளவு, கட்டம் கட்டமாகக் கொடுக்கும் பணம், புகைப்படம் ஆகியவற்றைக் கணக்கு வைக்கும் செயலி. மக்களோடு வேலை பார்த்த கட்டடக் கலைஞருக்கு இயல்பாகத் தோன்றுகிற யோசனை இதுதான், தேவையும் உண்மையானது. ஆனால் நிரல் எழுதத் தெரியாததால்தான் தோற்றுவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். நிரல் எழுத ஆள் கிடைக்கும். கொண்டுவர வேண்டிய கள அறிவை வாசலிலேயே விட்டுவிட்டு, விட்டுவிட வேண்டிய தொழில் பழக்கங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவதுதான் கவிழ்க்கிறது.

கள அறிவு என்றால் என்ன என்பதற்கு ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். மேஸ்திரி தன் நோட்டில் 10.10 x 12.6 என்று எழுதுகிறார். அவருக்கும் வீட்டுக்காரருக்கும் அது பத்தடி பத்தங்குலம், பன்னிரண்டடி ஆறங்குலம். கணினிக்கு அது 10.1, 12.6. மேஸ்திரியின் அறை 135.4 சதுர அடி. கணினியின் அறை 127.3 சதுர அடி. ஒரே அறையில் எட்டு சதுர அடி காணாமல் போகிறது. சதுர அடி 2,000 ரூபாய் என்று பேசியிருந்தால் 16,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அதற்குப் பிறகு அந்த மேஸ்திரி செயலியைத் திறக்க மாட்டார். ஊரில் வேறு யாரையும் திறக்கவும் விட மாட்டார். தீர்வு எளிது. அடிக்கு ஒரு பெட்டி, அங்குலத்துக்கு ஒரு பெட்டி வையுங்கள். அங்குலப் பெட்டி 0 முதல் 11 வரை மட்டும் ஏற்க வேண்டும். கால், அரை, முக்கால் அங்குலத்துக்குத் தனிப் பொத்தான். உள்ளே தசமத்தில் வைக்காமல் கால் அங்குலத்தை அலகாகக் கொண்டு முழு எண்ணாகச் சேமியுங்கள்: பத்தடி பத்தங்குலம் என்பது 130 அங்குலம், அதாவது 520. கூட்டல் பெருக்கலில் ஒரு நூலும் நழுவாது.

பழைய கணக்கை எக்செல்லிலிருந்து இறக்கும்போது இன்னொரு குழி இருக்கிறது. 10.10 என்று தட்டினால் எக்செல் கடைசிப் பூஜ்யத்தை விழுங்கி 10.1 என்று வைத்துக்கொள்ளும். அது பத்தடி ஓர் அங்குலமா, பத்தடி பத்தங்குலமா என்று இனி எந்த நிரலாலும் சொல்ல முடியாது. அந்த வரிசை முழுவதையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, டேப்பைக் கொண்டு மறுபடி அளப்பதைத் தவிர வழியில்லை.

மனைப் பரப்பும் இதே கதைதான். வீட்டுக்காரர் ‘மூணே கால் சென்ட்’ என்பார். பத்திரத்தில் 1,415 சதுர அடி என்றிருக்கும். பட்டாவில் 0 ஹெக்டேர் 1.32 ஏர்ஸ். ஒரு சென்ட் 435.6 சதுர அடி; ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,076 சதுர அடி. 1.32 ஏர்ஸைத் திருப்பிப் போட்டால் 1,421 சதுர அடி வரும். மூன்றும் ஒரே மனைதான்; பட்டாவில் எழுதும்போது எண்ணைச் சற்று முழுமைப்படுத்தியதால் வந்த வித்தியாசம். இது தெரியாத நிரலாளர் ‘பரப்பு பொருந்தவில்லை’ என்று சிவப்பில் காட்டிப் பதிவை நிறுத்திவிடுவார். பட்டாவின் கடைசி இலக்கம் எவ்வளவு பரப்பைக் குறிக்கிறதோ அதன் ஒரு மடங்குவரை விலகலைச் செயலி பேசாமல் ஏற்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் அது 0.01 ஏர், அதாவது 10.8 சதுர அடி. அதற்கு மேல் போனால் நிறுத்த வேண்டாம், எச்சரிக்கை மட்டும் போதும். பழைய புலப்படத்தில் அளவு சங்கிலிக் கணக்கில் இருக்கலாம் என்பதையும் நிரலாளருக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஒரு சங்கிலி என்பது 100 லிங்க், அதாவது 66 அடி.

‘சதுர அடி’ என்ற சொல்லுக்கே இரண்டு பேரிடம் இரண்டு பொருள். மேஸ்திரிக்குச் சுவர் உட்பட வெளி அளவு. வீட்டுக்காரர் மனத்தில் இருப்பது கால் வைத்து நடக்கும் உள் அளவு. ஒன்பது அங்குலச் சுவர் சுற்றிவரும் சின்ன வீட்டில் இந்த வித்தியாசம் கொஞ்சநஞ்சம் அல்ல. போர்டிகோ முழு அளவா பாதி அளவா, மாடிப்படி மேல் அறை கணக்கில் உண்டா, சம்ப் தனி விலையா, சன்ஷேடுக்குக் காசு உண்டா: சண்டை வருகிற இடங்கள் இவைதான். செயலியின் முதல் திரை படம் வரையும் திரையாக இருக்கக் கூடாது. இந்த ஆறேழு கேள்விக்கும் வேலை தொடங்கும் முன்பே இருவரும் பதில் சொல்லி ஒப்புக்கொள்ளும் திரையாக இருக்க வேண்டும். இதைச் சொல்லித்தரக் கணினி அறிவியல் பட்டம் போதாது. சுண்ணாம்புக் கோட்டின் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு பத்தி. திரையில் ‘கோ’ என்று ஒன்றுபோலத் தெரியும் எழுத்து, உள்ளே மெய்யோடு சேர்ந்த ஒரே உயிர்க்குறியாகவும் இருக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை, தேடலில் ‘கோவிந்தன்’ கிடைக்க மாட்டார். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஒரே எழுத்தை எப்போதும் ஒரே வடிவில் வைக்கும் யூனிகோடின் என்எஃப்சி ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ஆனால் ஒ, ள என்று தனித்தனியாகத் தட்டிய ‘ஒளவை’யையும், காலுக்குப் பதிலாக ரகரம் தட்டிய பெயர்களையும் அது பிடிக்காது, அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும். பழைய கோப்புகள் யூனிகோடு அல்லாத வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகு நூற்றுக்குப் பத்து வரியையாவது ஆள் வைத்துப் படித்துப் பாருங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைக்காதீர்கள். முழுப்பெயர் ஒரு பெட்டி, தலைப்பெழுத்து ஒரு பெட்டி. ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும் என்றே எதிர்பாருங்கள். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் என்றால் தமிழுக்கு 70 குறிதான். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். நீளமான தமிழ்ச் செய்தி ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று செய்தியின் கட்டணத்தைத் தின்னும். அதோடு, அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் முன்கூட்டிப் பதிவுசெய்யாவிட்டால் ஓடிபி போகவே போகாது. அறிமுக நாளுக்கு முந்தின இரவில் இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு.

இருப்பிடக் குறியீடு இன்னொரு மயக்கம். கைபேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர்வரை தவறும். இரண்டு பக்கமும் மாடி உயர்ந்த சந்தில் இன்னும் மோசம். இருபதடி முகப்புள்ள மனை ஆறு மீட்டர்தான். புள்ளி பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். புள்ளியை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டைக் கதவு எண், தெரு, எதிர்வீட்டு அடையாளம் ஆகியவற்றால் உறுதிசெய்யுங்கள். வரைபடத்தை மீட்டர் கணக்கில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: தமிழ்நாட்டின் நடுவே 78 பாகைத் தீர்க்கரேகை ஓடுகிறது. அதற்கு மேற்கே கோவை, ஈரோடு, திருநெல்வேலி ஆகியவை யூடிஎம் என்ற மீட்டர் வரைபட முறையில் (உலகை ஆறு ஆறு பாகையாகப் பிரிப்பது) 43-ஆம் மண்டலம். கிழக்கே மதுரை, சேலம், சென்னை ஆகியவை 44-ஆம் மண்டலம். மண்டலத்தை மாற்றித் திறந்தால் கோவை வீடுகள் எல்லாம் ஆறு பாகை கிழக்கே போய் வங்கக் கடலில் மிதக்கும். சென்னை அரபிக் கடலுக்குப் போகும். கடலில் விழுந்தால் உடனே தெரிந்துவிடுகிறது, அது நல்லது. சேமிப்பதை அட்ச தீர்க்க ரேகையிலேயே வைத்துக்கொண்டு, பரப்பு கணக்கிடும்போது மட்டும் மண்டலத்துக்கு மாற்றுவது பாதுகாப்பான வழி.

புகைப்படம் வாட்ஸ்அப் வழியாக வந்தால் எடுத்த நேரமும் இடமும் படத்திலிருந்து கழன்றுவிடும். லிண்டல் மட்டம் முடிந்ததற்குச் சாட்சியாக வந்த படம் போன மாதம் வேறு வீட்டில் எடுத்ததாக இருக்கலாம். சாட்சிப் படம் செயலிக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும். நீளப் பக்கம் 1,600 பிக்சலுக்குச் சுருக்கினால் நாலைந்து எம்பி படம் சில நூறு கேபியில் அடங்கும். கம்பியின் இடைவெளி அதிலேயே தெரியும். சிக்னல் இல்லாத இடத்தில் எடுத்து வைத்துப் பிறகு அனுப்பும்போது ஒரே பதிவு இரண்டு முறை ஏறும். பதிவுக்கான தனி அடையாள எண்ணைக் கைபேசியிலேயே உருவாக்கிவிட்டால் சர்வர் இரண்டாவதைத் தள்ளிவிடும். மேஸ்திரியின் விரலில் சிமென்ட் ஒட்டியிருக்கும், திரையில் கீறல் இருக்கும், மேலே உச்சி வெயில். ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் 48 டிபி அளவுப் பொத்தான், அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர், இங்கே குறைந்தபட்சம். அதைவிடப் பெரிதாக வைத்தால் நல்லது. வெளிர் சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம். கட்டடக் கலைஞர்களுக்கு அந்த நிறத்தின் மேல் அப்படி என்ன பிரியமோ.

இனி விட்டுவிட வேண்டிய பழக்கங்கள். அஸ்திவாரம் போட்ட பிறகு தூணை நகர்த்த முடியாது. அதனால் வரைபடம் முழுதும் முடிந்த பிறகே கடப்பாரையைத் தொடுகிறோம். கட்டடத்துக்கு அது சரி. செயலிக்கும் அதையே செய்து, நாற்பது திரையை வரைந்து வண்ணம் தீட்டி, ஏழெட்டு மாதம் நிரல் எழுதவைத்து, பிறகு முதல் மேஸ்திரியிடம் கொண்டுபோனால் அவர் அதில் ஒரு திரையைத்தான் தொடுவார். முதல் மூன்று மாதம் நிரலே வேண்டாம். ஒரே ஊரில் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் பத்து வேலையிடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு கூகுள் ஷீட், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். மேஸ்திரி குரல் பதிவில் சொல்லட்டும், நம் ஆள் தட்டட்டும். அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் யார் என்ன கேட்டார்கள், எங்கே சண்டை வந்தது, எந்தக் கேள்வி இரண்டாவது முறை வந்தது என்று தேதியோடு எழுதி வாருங்கள். ஆறேழு இடத்தில் திரும்பத் திரும்ப வந்ததற்கு மட்டும் நிரல் எழுதுங்கள்.

ஆனால் மென்பொருளிலும் நகர்த்த முடியாத தூண்கள் சில உண்டு. ஒரு பதிவு மனைக்குச் சொந்தமா, வீட்டுக்காரருக்கா, ஒப்பந்தத்துக்கா என்பது ஒன்று. வீடு கைமாறினாலோ மேஸ்திரி நடுவில் மாறினாலோ இது தெரியவரும். அளவின் அலகு இன்னொன்று. திருத்தினால் பழையது அழிய வேண்டுமா, அதன் மேல் கோடு போட்டதுபோல நிற்க வேண்டுமா என்பது மூன்றாவது. பணக் கணக்கில் அழிக்கவே கூடாது. இந்த மூன்றையும் மட்டும் கட்டடத்துக்கு வரைவதுபோல முதலிலேயே வரைந்து முடியுங்கள். கட்டடக்கலையும் மென்பொருளும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்வது புதிதல்ல. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர் சொன்ன வடிவ முறைகளை 1987-இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இரு நிரலாளர்கள் மென்பொருளுக்கு எடுத்துக்கொண்டார்கள். திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படும் தீர்வு என்பதே அதன் கரு.

அடுத்தது கட்டணப் பழக்கம். ஒரு வேலைக்கு ஒரு கட்டணம் என்றே பழகியவர் வீட்டுக்காரரிடம்தான் முதலில் காசு கேட்கிறார். வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒருமுறை கட்டுகிறவர். பால் காய்ச்சியதும் செயலியை அழித்துவிடுவார். ஒவ்வொரு மாதமும் புதிய ஆளைத் தேடிப் பிடிக்கும் செலவு கட்டணத்தைத் தாண்டிவிடும். ஆண்டுக்கு நாலைந்து வீடு கட்டும் மேஸ்திரிதான் திரும்பி வருகிறவர். அவரிடம் மாதம் 300 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அவர் கொடுக்கும் 300-இல் 18 சதவீத ஜிஎஸ்டி போக நிறுவனத்துக்கு நிற்பது 254. இரண்டு நிரலாளர், ஒரு களப்பணியாளர், சர்வர், வாடகை எல்லாம் சேர்த்து மாதச் செலவு 3 லட்சம் என்றால் 1,180 மேஸ்திரிகள் தவறாமல் கட்ட வேண்டும். 1,000 பேர் போதும் என்று போட்ட கணக்கு வரியை மறந்த கணக்கு. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இந்த அளவில் தாண்டாமல் இருக்க முடியாது. பதிவில்லாத மேஸ்திரியால் அந்த வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அவருக்கு விலை 300தான், 254 அல்ல.

அதனால் சிலர் சிமென்ட், கம்பிக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கலாம் என்று திரும்புகிறார்கள். இங்கே கட்டடக் கலைஞர் நின்று யோசிக்க வேண்டும். கட்டடக்கலைக் கவுன்சிலின் 1989-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், வேலையோ வாடிக்கையாளரோ பிடிப்பதற்காகக் கமிஷன், தள்ளுபடி கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கின்றன. பதிவு பெற்ற கட்டடக் கலைஞராக ஒரு கையால் கம்பி அளவைச் சொல்லி, நிறுவனத்தின் இயக்குநராக இன்னொரு கையால் கம்பிக் கடையில் காசு வாங்கினால் புகார் வருவதற்கு நேரம் ஆகாது. கடைக்காரரிடம் வாங்குவதானால் மாதச் சந்தாவாக, எல்லாக் கடைக்கும் ஒரே தொகையாக, வீட்டுக்காரருக்குத் தெரியும்படி வாங்குங்கள். நிறுவனத்தின் பெயரில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற சொல்லையும் சேர்க்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் அந்தப் பட்டத்தைப் பதிவு பெற்றவருக்கும், கூட்டாளிகள் அனைவரும் பதிவு பெற்றிருக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் மட்டுமே கொடுக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு அது இல்லை. வரைபடத்தில் கையெழுத்திடும் தொழில் ஒரு கணக்கில், செயலி இன்னொரு கணக்கில் இருக்கட்டும்.

மக்கள் பணியிலிருந்து வருகிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பார்வையில் எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். பத்து வருடம் ஓர் அறக்கட்டளையின் பெயரில் கணக்கெடுத்த வீடுகள், குடும்பங்கள், தெரு வரைபடங்கள் கையில் இருக்கும். அதை அப்படியே புதிய கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போகத் தோன்றும். நாம் எடுத்ததுதானே என்ற எண்ணம். சட்டப்படி அது நம்முடையது அல்ல. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளையின் சொத்தை அறங்காவலருக்கோ அவருக்கு நலன் உள்ள நிறுவனத்துக்கோ சும்மாவோ குறைந்த விலையிலோ கொடுத்தால் விலக்குக்குச் சிக்கல் வரும். வெளிநாட்டு நன்கொடையில் வாங்கிய கணினி, கருவி என்றால் இன்னும் கவனம் தேவை. அந்த நன்கொடையை வேறு யாருக்கும் மாற்றித்தரக் கூடாது என்பது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்திலிருந்து நடைமுறை. எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் வெளியாள் ஒருவரை வைத்து மதிப்பிட்டு, எழுத்தில் உரிம ஒப்பந்தம் போட்டு, கம்பெனியில் பங்குள்ள அறங்காவலர் அந்தத் தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கி, சந்தை விலையைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் மனிதர்களைப் பற்றிய தகவல் மட்டும் வராது. பட்டா வாங்கித்தருவதற்காகக் கொடுத்த பெயரும் கைபேசி எண்ணும் பட்டாவுக்காகக் கொடுத்தவை. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எந்த நோக்கத்துக்குச் சம்மதம் வாங்கினோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. வீடு வீடாகப் போய் இது இப்போது கம்பெனி, முன்புபோல் அறக்கட்டளை அல்ல என்று சொல்லிப் புதிதாகச் சம்மதம் வாங்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பைக் கொடுப்பது அந்தச் சட்டப்படியே கட்டாயம். ஆதார் நகலை வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். உங்கள் வேலைக்கு அது தேவையே இல்லை. பலர் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து எடுத்த தெருக்களோடு நம் தகவலைக் கலந்து தரவுத்தளமாக வெளியிட்டால் அதன் உரிமப்படி அந்தக் கலவையையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். கலக்காமல் தனி அடுக்காக வைத்துக்கொள்வது நல்லது.

என்ன வகை நிறுவனம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிந்தால் லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரிக்க முடியாது. முதலீட்டாளர் வர மாட்டார். எல்எல்பி, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம், பங்கு வெளியிடாது. வெளி முதலீடு வேண்டுமென்றால் இரண்டு இயக்குநர், இரண்டு பங்குதாரரோடு பிரைவேட் லிமிடெட்தான். வேண்டாம் என்றால் அவசரப்பட்டு அதைப் பதிந்து ஆண்டுதோறும் தணிக்கைச் செலவு சுமக்க வேண்டியதில்லை. நண்பர்கள் சேர்ந்து தொடங்கினால் பங்கு முழுவதையும் முதல் நாளே கையில் கொடுத்துவிடாமல் நான்கு ஆண்டில் படிப்படியாக உரித்தாகும்படியும், முதல் ஓராண்டுக்குள் விலகுகிறவருக்கு ஒன்றும் இல்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டாளி கல்யாணமாகி வெளிநாடு போவது துரோகம் அல்ல, ஆனால் கால் பங்கோடு போனால் கம்பெனி நகராது.

நிரல் யாருடையது என்பதில் பெரும்பாலோர் ஏமாந்து போகிறார்கள். சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய நிரல் நிறுவனத்துக்குச் சொந்தம். ஒப்பந்தத்தில் வெளியாள் எழுதிக்கொடுத்தால், காசு முழுதும் கொடுத்திருந்தாலும் பதிப்புரிமை எழுதியவருக்கே. கட்டடக் கலைஞருக்கு இது புரிய வேண்டிய விஷயம்தான். வீட்டுக்காரர் கட்டணம் கொடுத்துவிட்டாலும் வரைபடத்தின் பதிப்புரிமை நம்மிடம் இருப்பது இதே சட்டத்தால்தான். எழுத்தில் கையெழுத்தோடு மாற்றி வாங்க வேண்டும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது ஐந்து ஆண்டுக்குத்தான். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வேறு ஏற்பாடு எழுதாமல் ஓராண்டு பயன்படுத்தாமல் விட்டால் உரிமை காலாவதி. ‘பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும், உலகம் முழுவதும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும்’ என்ற மூன்று சொற்றொடரும் தாளில் இருக்க வேண்டும். நிரல் கிடங்கு, இணையப் பெயர், சர்வர் கணக்கு மூன்றும் நிரலாளரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கக் கூடாது. பிளே ஸ்டோர் கணக்கை நிறுவனத்தின் பெயரில் திறக்க, நிறுவனங்களை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் கேட்பார்கள். அது வரச் சில வாரம் ஆகலாம். அவசரத்துக்குத் தனிநபர் கணக்கில் புதிதாகத் திறந்தால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே வெளியிட விடுவார்கள். நம்மிடம் ஏற்கெனவே பத்து வேலையிடங்களின் மேஸ்திரிகளும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதால் இது பெரிய தடை அல்ல.

அரசை நம்பி ஒரு வார்த்தை, நம்பாமல் ஒரு வார்த்தை. வீட்டு வரைபட அனுமதிக்கு அலைவதைத் தீர்க்கும் செயலி என்பது நல்ல யோசனையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்து, 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு இணையத்தில் உடனடி அனுமதி என்றாக்கியது. மக்களுக்கு நல்லது. அந்த அலைச்சலை மட்டுமே நம்பி நிரல் எழுதியவருக்கு ஒரே அரசாணையில் கதை முடிந்தது. அரசாணையால் நாளை மறையக்கூடிய தொல்லையின் மேல் வீடு கட்டாதீர்கள். மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள கணக்குச் சண்டையை எந்த ஆணையும் தீர்க்காது. நம்பக்கூடிய பக்கம்: மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் பெற்றிருந்தால் மத்திய அரசுக் கொள்முதல் ஒப்பந்தப் புள்ளிகளில் வைப்புத்தொகை கட்ட வேண்டியதில்லை, முன் அனுபவம், ஆண்டு வரவு ஆகிய நிபந்தனைகளையும் தளர்த்த இடம் உண்டு. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொண்டால் பொருளோ சேவையோ வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தின் துணை கிடைக்கும். பதிவை ஒப்பந்தம் போடும் முன்பே செய்துவிடுங்கள். பில் நிலுவையான பிறகு செய்த பதிவு பழைய பில்லுக்கு உதவாமல் போகலாம்.

கடைசியாக, கையிலிருக்கும் கட்டட வேலைகள். கம்பெனி பதிவான மறுநாளே அவற்றை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் இருக்கிறது. நம் பதிவு எண்ணோடு கையெழுத்தான வரைபடத்துக்கு நாம்தான் பொறுப்பு. விலகுவதானால் வீட்டுக்காரருக்கும் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, அடுத்தவர் பொறுப்பேற்ற கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். விலகும் நாளில் எந்த மட்டம்வரை வேலை முடிந்திருந்தது, எந்தத் தூணில் கம்பி கட்டி மூடாமல் இருந்தது, சென்ட்ரிங் எப்போது பிரிக்க வேண்டும் என்பதைத் தேதியிட்ட படங்களோடு அந்தக் கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கட்டடக்கலை, கணக்கு, மென்பொருள் துறையினர் சிலர்,
மதுரை.